ரத்தத்துக்கு ஒரு வார டியூஷன்

கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு நாள் குறித்தாயிற்று என்றால் பல வீடுகளில் ஒரு வார விரதம் தொடங்கிவிடுகிறது. முட்டை உள்ளே நுழைவதில்லை. ஓட்ஸ் கஞ்சிக்குத் திடீர் மரியாதை. பூண்டுப் பல் வெறும் வயிற்றில் இறங்குகிறது. ரத்தம் கொடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே, பக்கத்தில் நெய் ரோஸ்ட் எங்கே நன்றாக இருக்கும் என்ற விசாரணையும் ஆரம்பமாகிறது. நல்ல மார்க் வாங்கும் ஆசை நியாயமானதுதான், பரீட்சை வைப்பவர் லேப்காரராக இருந்தால். அவருக்கோ நம் எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) 90 ஆனாலும் 190 ஆனாலும் கட்டணம் ஒன்றுதான். உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைக் கல்லீரலே தயாரித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து எல்டிஎல்லை ஏற்றிவிடுவதில் முட்டையைவிட நெய்யும் வனஸ்பதியும் கெட்டிக்காரர்கள். உணவில் கொலஸ்ட்ரால் நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற எண்ணை அமெரிக்க அரசின் 2015–2020 உணவு வழிகாட்டியே கைவிட்டுவிட்டது. ஒரு வாரத் தியாகத்தில் சட்டென்று இறங்கக்கூடியது டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு, அதுவும் துறந்தவற்றில் இனிப்பும் மதுவும் இருந்தால். முட்டை அநியாயமாகப் பழி சுமக்கிறது.

ரிப்போர்ட் வந்ததும் எல்லாக் கண்களும் முதல் வரிக்கு ஓடுகின்றன: மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழே, பாஸ்! கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒருவருக்கு மொத்தம் 180, டிரைகிளிசரைடு 250, ஹெச்டிஎல் (‘நல்ல’ கொலஸ்ட்ரால்) 30 என்று வைத்துக்கொள்வோம். பல லேப்களில் எல்டிஎல்லை யாரும் நேரடியாக அளப்பதில்லை. ஃப்ரீட்வால்ட் என்பவர் 1972-இல் தந்த கணக்குப்படி, மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறார்கள். இவருக்கு விடை 100. பார்க்க அழகான எண். மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லை மட்டும் கழித்தால் வருவது 150. அது 130-க்குக் கீழே இருப்பதே நல்லது. டிரைகிளிசரைடு கூடி, ஹெச்டிஎல் குறைந்த இந்தக் கோலம் இந்தியர்களிடம் சகஜம். ஆக, பெரிய எழுத்தில் பாஸான பலர் சின்ன எழுத்தில் ஃபெயில். இந்த எண்கள் எல்லாம் சேர்ந்தும் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, ரத்தக் கொழுப்போடு புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனஅழுத்தம் எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முந்தி வருவதையும் அந்த ஆய்வே காட்டியது. டாக்டர் சேர்த்துப் பார்க்க வேண்டிய கணக்கில் லேப் ரிப்போர்ட் ஒரு வரி மட்டுமே.

அப்படியானால் பரிசோதனையே தண்டம் என்று ஒரு கட்சி கிளம்பும். அவர்கள் கையில் ஆதாரமும் உண்டு: அமெரிக்காவில் இதயநோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எல்டிஎல் 100-க்குள் இருந்ததாக 2009-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஹெச்டிஎல் 40-க்குக் கீழே இருந்ததை மட்டும் இவர்கள் வாசிப்பதில்லை. எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் சூழ்ச்சி என்பது அடுத்த கட்சி. கம்பெனிகளுக்கு லாப ஆசை இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். ஆனால் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து பிடித்து இழுக்கும் ஏற்பிகள் பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வருவதுண்டு. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் குழந்தைகளின் நோயை எந்த விளம்பரப் பிரிவும் தயாரிக்கவில்லை. மூன்றாவது கட்சி தாத்தா கட்சி: நெய்யில் நீந்தி 92 வரை வாழ்ந்தவர். அவர் வயலுக்கு நடந்தே போய் வந்ததைப் பேரன் பைக்கில் உட்கார்ந்தபடி சொல்ல மறந்துவிடுகிறான். ஐம்பதிலேயே போன தாத்தாக்களைப் பற்றி யாரும் பெருமை பேசுவதுமில்லை.

எனவே அடுத்த முறை அந்த ஒரு வாரமும் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுங்கள், ஒளித்துப் பிடிக்கும் சிகரெட்டையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கூடவே லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற ஒன்றையும் கேளுங்கள். அது பெரும்பாலும் பரம்பரைச் சொத்து, ஓட்ஸுக்கும் பூண்டுக்கும் மசியாது. பொதுவாக ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும். வழக்கமான லிப்பிட் புரொஃபைலில் அது சேராது. தனியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.