ஓடா வண்டியின் இருத்தலும் பிரிதலும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

மேற்கு லண்டனில், ஈலிங் பக்கத்து வீடொன்றின் கராஜில் சிவப்பு நிற மொபிலிட்டி ஸ்கூட்டர் ஒன்று நிற்கிறது. நான்கு சக்கரம், முன்னால் கூடை, சுழலும் இருக்கை. நடக்கச் சிரமப்படுவோருக்கென்று செய்யப்பட்ட மின்வண்டி. வாங்கிய கோடையில் சற்றே ஓடியது. அதன்பின் நிற்பதையே தொழிலாகக் கொண்டது. இதை விற்பதா, வைத்திருப்பதா என்னும் வினா அவ்வீட்டில் ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிளம்பும். தேத்தண்ணி வந்ததும் முடிவின்றி அடங்கும். ஞாயிற்று விருந்தாளி என்ற முறையில் இவ்விவாதத்தைப் பக்கத்திலிருந்து கேட்கும் பேறு எனக்கு வாய்த்தது. இதனை முறைப்படி ஆராய்ந்த நூல் கைக்கு அகப்படாமையால் இவ்வாய்வு எழுந்தது.

முதற்கண் துறை வரலாறு. 1968இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆலன் தீம் என்பவர், நோயால் நடக்க முடியாமற்போன தம் குடும்பத்தவர் ஒருவருக்காக இவ்வகை வண்டியின் முன்னோடியைச் செய்து ‘அமிகோ’ என்று பெயரிட்டார். ஓட்டும் வழியை அவர் கண்டார். ஓட்டாமல் விட்டால் என்ன செய்வது என்பதைப் பின்வருவோர்க்கு விட்டுச் சென்றார்.

பிரித்தானியச் சட்டம் இவ்வண்டிகளைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. கிளாஸ் 2 நடைபாதைக்கு உரியது. மணிக்கு 4 மைலுக்கு மேல் போகலாகாது. கிளாஸ் 3 வீதியில் 8 மைல் வேகம் வரை போகலாம், நடைபாதையில் ஏறினால் 4 மைலுக்கு இறங்க வேண்டும். இதற்கு ஓட்டுநர் உரிமம் வேண்டாம். ஆனால் வாகனப் பதிவகமான டிவிஎல்ஏயில் பதிய வேண்டும். வரி வகுப்பு உண்டு, கட்டும் தொகை பூச்சியம். 1988ஆம் ஆண்டு விதிகள் எடையையும் விட்டுவைக்கவில்லை: கிளாஸ் 2 வண்டி 113.4 கிலோவைத் தாண்டலாகாது. (அந்தப் புள்ளி நான்கு, 250 இறாத்தலைக் கிலோவாக்கியதில் வந்த மிச்சம்.) நம் வண்டி கிளாஸ் 3. ஓடும் வண்டியை இத்தனை நுணுக்கமாகப் பேசும் சட்டம், மணிக்குப் பூச்சியம் மைல் வேகத்தில் நிற்கும் வண்டி எந்த வகுப்பு என்று சொல்லவில்லை.

ஆதலின் தமிழ் மரபை நாட வேண்டியதாயிற்று. இலக்கணத்தார் முதல், கரு, உரி என்று பொருளை மூன்றாக வைப்பர். இங்கே நிலம் கராஜ். பிரிக்காத அட்டைப்பெட்டிகள் அடர்ந்திருப்பதால் காடும் காடு சார்ந்த இடமும் எனத் தகும். பெரும்பொழுது கார் என்னும் மழைக்காலம், லண்டனில் அதற்கு மாதக் கணக்கு இல்லை. சிறுபொழுது மாலை, குளிர்காலத்தில் அது பிற்பகல் நான்கு மணிக்கே வந்துவிடுகிறது. கருப்பொருள்கள் சார்ஜர், மழையுறை, இரண்டாவது சாவி, எவரும் திறவாத கையேடு. உரிப்பொருளோ சந்தேகத்துக்கு இடமின்றி இருத்தல். ஆகவே வண்டி முல்லைத் திணைக்கு உரியது என்க. விற்றால் அது பிரிதல், பாலை. விற்ற மறு வாரமே வண்டிக்கு உரியவரின் முழங்கால் வீங்கினால் இரங்கல், நெய்தல். வண்டியின் பொருட்டு அவ்வீட்டு மகளுக்கும் மருமகனுக்கும் இடையே நடப்பது ஊடல், மருதம். அதை விரிப்பது விருந்தாளிக்கு அழகன்று.

இனிக் கட்சிகள். மகள் வைத்திருக்கும் கட்சி. ‘அம்மாவுக்கு நாளைக்குத் தேவைப்படும்’ என்பது அவர் ஒரே சூத்திரம். நாளை என்பது வராத வரையில் இதை மறுக்க இயலாது. ஒருமுறை மருமகன் வற்புறுத்தி விலை கேட்டபோது, மகள் சொன்ன தொகை வாங்கிய விலையை எட்டிப் பிடித்தது. இது மகளின் குறையன்று. கானமன், நெட்ச், தேலர் என்னும் மூவர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களுள் சிலருக்குக் கோப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டு விற்கச் சொன்னார்கள். கையில் வைத்திருந்தவர் கேட்ட விலை, வாங்க வந்தவர் தர நினைத்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. வெறுங்கோப்பைக்கே அப்படியென்றால், சுழலும் இருக்கை உள்ள வண்டிக்கு? சந்தை நிலவரம் வேறு. இங்கே மாற்றுத்திறனாளி தம் தேவைக்குப் புதிதாக வாங்கினால் 20 விழுக்காடு வாட் வரி இல்லை. வரியில்லாப் புது வண்டியோடு போட்டியிட வேண்டியிருப்பதால் பழையதன் விலை மேலும் சரிகிறது.

மருமகன் விற்கும் கட்சி. தம் கார் உறைபனியில் வெளியே நிற்பதும் வண்டி உள்ளே நிற்பதும் நீதியன்று என்பது அவர் வாதம். ஆனால் ஆய்வாளன் ஒன்றைக் கவனித்தான். இவ்வண்டியை நடக்கச் சிரமம் இல்லாதவர் ஓட்டக்கூடாது. அதற்கு விலக்குகள் மிகச் சில. விற்பதற்கு முன் ஓட்டிக் காட்டலாம், திருத்தக் கொண்டு போகலாம், பாவிக்க இருப்பவருக்குப் பழக்கலாம். மருமகனுக்கோ அந்த வண்டியில் தீராத ஆசை. விற்கக் காட்டும்போது மட்டுமே அவர் சட்டப்படி அதில் ஏறலாம். விற்றுத் தீர்ந்தால் அதுவும் போயிற்று. ஆதலால் பார்க்க வருவோர் அனைவருக்கும் தெரு முனைவரை போய்த் திரும்பிக் காட்டுவார். விலை பேச வரும்போது மட்டும் மனைவி சொன்ன தொகையையே விசுவாசமாகச் சொல்வார். விற்போர் கட்சி வைத்திருப்போர் கட்சியைவிட உறுதியாக வண்டியைக் காத்து வந்தமை இவ்வாறு புலனாயிற்று.

இரு கட்சியாரும் மறந்த மூன்றாம் கட்சி ஒன்று இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அது பற்றரி. 12 வோல்ட் ஈய-அமில பற்றரிகள் இரண்டு தொடராகச் சேர்ந்து 24 வோல்ட் தருகின்றன. சும்மா கிடந்தாலும் இவை தாமாக வடியும். வடிந்த நிலையில் நெடுநாள் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கட்டிப்படும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு திரும்பாது. வைத்திருப்பது என்றால் ஓட்டாத வண்டிக்கும் தவறாமல் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருப்பது. அந்த வேலையை மகள் மருமகனுடையது என்கிறார், மருமகன் மகளுடையது என்கிறார். வாதம் இப்படி இன்னொரு குளிர்காலத்தைக் கடந்தால் வைத்திருக்கவும் வண்டி இராது, விற்கவும் இராது.

எஞ்சியது சான்றுகளுள் தலையாயது. வண்டி மகளின் அம்மாவான மாமியுடையது. அவரை எந்தக் கட்சியும் விசாரித்திருக்கவில்லை. அவர் அடுத்த அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டதற்குச் சொன்னார்:

“முழங்கால் நோகுதுதான், தம்பி. ஆனா உதிலை ஏறிப் போனா, காணுற சனமெல்லாம் மறிச்சு என்ன வருத்தம் எண்டு கேக்குது. ஒவ்வொருத்தருக்கும் நிண்டு கதை சொல்லிப் போய்ச் சேர, நடந்தே போயிருக்கலாம்.”

அப்படியென்றால் விற்றுவிடலாமா என்றபோதும் அவர் கண் தொலைக்காட்சியிலேயே இருந்தது. “தேருக்கு எண்டா உது நல்லது. அண்டைக்குச் சனம் அம்மனைத்தான் பாக்கும்.”

ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேர்த் திருவிழா கோடையில். ஆகவே முடிபு இது: தேர்வரை வண்டி இருக்கும். அதுவரை சார்ஜ் ஏற்றுவது மருமகன் பொறுப்பு. பற்றரியைச் சோதிக்கக் கடைக்குக் கொண்டுபோகும் சவாரி அவருக்குக் கூலி, அது சட்டத்துக்கும் உட்பட்டது. தேரன்று மாமி ஏறினால் வண்டி வீட்டிலேயே இருக்கும். ஏறாவிட்டால் மறுநாளே விலைக்கு வரும், விலையை மாமியே சொல்வார். வாங்க வருவோர் ஓட்டிக் காட்டும்படி மருமகனைக் கேட்க வேண்டியதில்லை. கேளாமலே காட்டுவார்.