மகாசபைக்கு ஒரு பல் விண்ணப்பம்

நியூயார்க் மாநகரில் எழுந்தருளியிருக்கும் மகா கனம் பொருந்திய ஐக்கிய நாடுகள் சபையாரின் சமூகத்துக்கு, தருமபுரி ஜில்லா பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமவாசி ஒருவன் நமஸ்கரித்து எழுதிக்கொள்வது.

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி தாங்கள் பதினேழு இலக்குகளையும் அவற்றின் உட்பிரிவாக 169 குறிக்கோள்களையும் பிரகடனம் செய்து, 2030க்குள் யாவும் நிறைவேறுமென்று உலகுக்கு அபயமளித்தபோது, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது எங்கள் பக்கத்து மரியாதையாகையால், நாங்களும் மறுபேச்சின்றிப் பெற்றுக்கொண்டோம். சென்ற வாரமோ எங்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துவிட்டார்கள்.

ஒரு கல்லூரியில் தங்கள் இலக்குகளின் பெயரால் இளைஞர் விழா நடந்தது. பதினேழு நிற வில்லை குத்திய பிரமுகர்கள் வந்திருந்தார்கள். தண்ணீரை வீணாக்க மாட்டோமென்று, குடத்தோடு வரிசையில் நின்றே வளர்ந்த பிள்ளைகளைப் பிரதிக்ஞை செய்ய வைத்தார்கள். ஆறாவது இலக்காகிய சுத்த நீரைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கிய எங்கள் தெருப் பெண்ணிடமே அதற்குரிய வெளிர்நீலப் பதாகையைக் கொடுத்தார்கள். (அதிலுள்ள தண்ணீர்க் குவளைக்குள் ஓர் அம்புக்குறி கீழ்நோக்கிப் பாய்வதைக் கண்டு, எங்கள் ஊர் நிலத்தடி நீர்மட்டத்தை இவ்வளவு துல்லியமாக வரைந்திருக்கிறார்களே என்று வியந்தேன்.) புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தாள். முன்பற்களின் குறுக்கே ஓடும் பழுப்புக் கோடுகளைக் கண்ட ஒரு பெருமகனார், “பாப்பா, வாயை மூடிக்கிட்டுச் சிரி, இல்லாட்டிப் பின்னால போய் நில்லு, படம் மேலிடத்துக்குப் போகுது” என்றார். பதாகையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனாள். மேடையில் கேன் தண்ணீர் இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கணக்கை மட்டும் சந்நிதானத்தில் சமர்ப்பிக்கிறேன். இந்தப் பதினேழுக்கு முந்தைய எட்டு இலக்குகளின் காலத்தில், நல்ல குடிநீர் கிட்டாதோரின் விகிதத்தை 2015க்குள் பாதியாக்குவதென்று சங்கற்பித்து, 2010லேயே அது ஈடேறிவிட்டதென்று 2012 மார்ச்சில் தங்கள் அங்கங்களான உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் ஆனந்தத்தோடு அறிவித்தன. ஆழ்துளைக் கிணறோ கைப்பம்போ இருந்தால் போதும், அது மேம்பட்ட நீராதாரம். அதில் வருவது என்ன என்று அந்தக் கணக்கு கேட்கவில்லை. எங்கள் ஜில்லாவின் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாதென்று எழுதிவைத்ததும் அதே சுகாதார நிறுவனந்தான். ஒரு கை எழுதியதை மறு கை படிப்பதில்லை போலும். ஆகவே, ஐந்து வயதில் தெருமுனைக் கைப்பம்பில் அவள் வாய்வைத்துக் குடித்துக்கொண்டிருந்தபோது, தங்கள் பேரேட்டில் அவள் மேம்பட்ட நீரருந்திய பாக்கியசாலி.

பிறகு ஜப்பானியக் கடனுதவியோடு, ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதென்பதைப் பெயரிலேயே தாங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் கால்கோளிட்டு, 2013 மே மாதத்தில் திறந்துவைத்தார்கள். அப்போது அவளுக்கு வயது ஏழு. நிலைப்பற்களின் எனாமல் பெரும்பாலும் ஈறுக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடும் வயது. காவிரி வந்தாள், பல் முந்திக்கொண்டது. இன்றைக்கும் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் எங்கள் தெருக் குழாயில் போர் தண்ணீர்தான்.

அந்தக் கறை ஃபுளோரைடால் வந்தது, பல் விளக்காததால் வந்ததில்லை. ஆலும் வேலும் கொண்டு தேய்த்தாலும் போகாது. பெண் பார்க்க வருகிறவன் பல்லைப் பார்த்துவிட்டு ஜாதகம் பொருந்தவில்லை என்கிறான். பெங்களூரில் ஜவுளிக்கடைக்குப் போன பையனை, வாடிக்கையாளர் முன்னால் நிற்காதே, உள்ளே போய் மூட்டை அடுக்கு என்கிறார்கள். இதே தண்ணீரைக் குடித்த கிழவர்கள் முதுகு நிமிராமல் தடி ஊன்றி நடக்கிறார்கள். குடிக்கக் கொடுத்தவர்கள் மேடையில் உட்கார்ந்திருக்க, குடித்தவள் ஏன் ஐயா வாயை மூடவேண்டும்?

க்ஷமிக்க வேண்டும். பல் போனால் சொல் போச்சென்பார்கள். எனக்குப் பல் குறையக் குறையச் சொல் கட்டுக்கடங்காமல் போகிறது. 2015ஆம் ஆண்டுப் பட்டியலுக்கான கணக்கில் ஃபுளோரைடையும் ஆர்சனிக்கையும் பரிசோதிக்கத் தாங்கள் திருவுளம் பற்றியது மெய். அந்த மகத்தான கருணையை மறவேன். ஏட்டில் திருத்தம் செய்ய இடமிருக்கிறது, எனாமலில் இல்லை, அவ்வளவே. மதிப்பிடத்தக்க குறிக்கோள்களுள் 17 சதவிகிதமே சரியான பாதையில் செல்வதாக 2024இல் தாங்களே அறிக்கையிட்டதையும் வாசித்துப் புளகாங்கிதமடைந்தேன். இலக்கும் பதினேழு, சதவிகிதமும் பதினேழு! முப்பத்திரண்டு பல்லுக்கு இது ஏறக்குறைய ஐந்தரைப் பல். அதை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கடலையைக் கடிப்பது சிரமம். ஆயினும், படத்துக்குச் சிரிக்கத் தாராளமாகப் போதும்.

இனி என் பிரார்த்தனை. தங்கள் பிரதிநிதி ஒருவர், பல் முளைக்கும் பருவத்துப் பேரக்குழந்தைகளோடு எங்கள் தெருவில் வந்து குடியிருக்க வேண்டும். வீட்டு வாடகையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். குழாய் வாசலிலேயே இருக்கிறது. கேன் தண்ணீர் மட்டும் வாங்கலாகாது. எட்டு வருஷம் போதும். 2030ஐச் சற்றே தாண்டுமென்றாலும், அடுத்த பட்டியல் அச்சேறுவதற்குள் அவர்களை ஊர் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் ஆறாவது இலக்கின் நித்திய பயனாளி