வாங்குபவருக்கே தெரியாத தானம்

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று சொல்லிவைத்தார்கள். அந்தக் காலத்து வள்ளல்கள் அதோடு நின்றுவிட்டார்கள். நம் அரசாங்கம் அவர்களையும் மிஞ்சிவிட்டது. அது கொடுப்பது, வாங்க வேண்டியவருக்கே தெரியாது. கர்ணனிடம்கூட இந்த அடக்கம் கிடையாது. கேட்டவனுக்கெல்லாம் கொடுத்து ஊர் உலகத்தில் பேர் வாங்கிக்கொண்டவன்தானே அவன்.

தமிழ்நாட்டில் இல்லாத உதவி இல்லை. முதியோர் உதவித்தொகை (ஓ.ஏ.பி.) 1962லேயே வந்துவிட்டது. மாதம் 20 ரூபாயில் தொடங்கி 2023இல் 1,200 ரூபாயை எட்டியது. கணவனை இழந்தவருக்கு உண்டு, கணவன் விட்டுவிட்டுப் போனவருக்கு உண்டு, ஐம்பது வயதாகியும் மணமாகாத ஏழைப் பெண்ணுக்கும் உண்டு. பெற்ற பிள்ளை சோறு போடவில்லையா, 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் போனால் பிள்ளையிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர அவருக்கு அதிகாரம் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லையா, தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. இத்தனையும் செய்துவிட்டு, எது எந்தக் கட்டிடத்தில், எந்த மாடியில், எந்த ஜன்னலில் கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள் பாருங்கள், அங்கேதான் பெருந்தன்மை இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிடமாட்டார்களா?

எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். கணவர் இல்லை. மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே குடும்பமாகிவிட்டான். பணமும் இல்லை, பேச்சும் இல்லை. ரேஷன் கடை வரிசையில்தான் யாரோ கேட்டார்கள்: “உனக்கு ஓ.ஏ.பி. பணம் வருமே ஆத்தா, எழுதிப் போடலையா?” அறுபது வயதிலேயே கேட்டிருக்கக்கூடிய ஒன்று, பத்து வருடம் கழித்து, பருப்புக்கு நின்ற இடத்தில் தெரியவருகிறது. அரசாங்கமே வந்து சொல்லியிருந்தால் இந்த இன்ப அதிர்ச்சி கிடைத்திருக்குமா?

முதலில் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.வைப் பார்க்க வேண்டும். அவருக்கு இந்தக் கிராமம் பொறுப்பு, பக்கத்துக் கிராமம் கூடுதல் பொறுப்பு. இங்கே தேடினால் அங்கே இருப்பார். அங்கே போனால் தாலுகா ஆபீஸில் கூட்டம். கடவுளைப் போல எங்கும் நிறைந்தவர், கண்ணுக்கு மட்டும் அகப்படமாட்டார். ஒருநாள் அகப்பட்டும் விட்டார். “இதெல்லாம் இப்ப ஆன்லைன்தான் பாட்டி, இ-சேவை மையத்துக்குப் போங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இ-சேவை மையத்தில் ஆதார், ரேஷன் அட்டை, பாங்க் புத்தகம், போட்டோ எல்லாம் கேட்டார்கள். பாட்டி மஞ்சள் பையைக் கவிழ்த்துக் கொடுத்தார். பிறகு ஓ.டி.பி. கேட்டார்கள். ஆதாரில் பதிந்திருக்கும் செல் எண் மகனுடையது. ஆக, ‘என்னைக் கவனிக்க யாருமில்லை’ என்று பாட்டி விண்ணப்பம் போட வேண்டுமானால், கவனிக்காத மகன் திருப்பூரிலிருந்து போனை எடுத்து ஆறு எண்களைப் படித்துச் சொல்ல வேண்டும். பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்க இதைவிட நயமான ஏற்பாட்டை எந்தப் பஞ்சாயத்தும் செய்ததில்லை.

வயதிலும் ஒரு கொடை உண்டு. பிறப்புச் சான்று இல்லாதவர்களுக்கு ஆதார் எடுத்தபோது முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு வருடம் போட்டார்கள். அந்தக் கணக்கில் பாட்டிக்கு ஐம்பத்தெட்டுதான் ஆகிறது. பணக்காரர்கள் தலைக்குச் சாயம் பூசியும் குறைக்க முடியாத வயதை இங்கே காசு வாங்காமல் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது வேண்டாம், என் வயதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிற பாட்டிகளைத்தான் நன்றி கெட்டவர்கள் என்று சொல்ல வேண்டும்.

வயதைத் திருத்தி, மகனையும் எப்படியோ பிடித்து, விண்ணப்பம் போயே போய்விட்டது. இனி பாட்டி நடக்க வேண்டாம், விண்ணப்பம் நடக்கும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் என்று படிப்படியாக ஏறும். நடுவில் விசாரணைக்கு ஆள் வருவார்.

“மகன் இருக்கானா?”

“இருக்கான் சாமி. எங்கிட்ட இல்ல.”

கம்ப்யூட்டரில் இந்தப் பதிலுக்குக் கட்டம் கிடையாது. இருக்கிறான், இல்லை என்று இரண்டுதான். ஆதரவு உண்டு என்று ஆயிற்று, மனு தள்ளுபடி. அந்தச் செய்தியும் முறைப்படி எஸ்.எம்.எஸ். ஆக மகனின் போனுக்குப் போயிற்று. பாட்டிக்கு மனவேதனை கொடுக்காத இந்த நாசூக்கை எத்தனை பாராட்டினாலும் தகும். அவர் இன்னும் பணம் வரும் என்றுதான் இருக்கிறார்.

தப்பித்தவறி அனுமதி கிடைத்தவர்களையும் அரசு கைவிடுவதில்லை. முன்பு தபால்காரர் மணியார்டரோடு வீட்டுக்கு வந்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தார். அது மிகவும் பழைய முறை. இப்போது கருவியில் விரல் வைக்க வேண்டும். நாற்பது வருடம் நாற்று நட்டு, கல் சுமந்து, பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? கருவி சிவப்பு விளக்கு காட்டும். உழைக்காதவர்கள் விரல் மட்டும் சட்டென்று பதியும். இந்த முதியோர் தொகையில் டெல்லியும் தன் பங்கில் உறுதியாக நிற்கிறது. 1995இல் 75 ரூபாய் கொடுத்தது. 2007இல் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயரைச் சூட்டியபோது 200. எண்பதுக்குக் கீழே இருப்பவருக்கு அதே 200தான் தொடர்ந்தது. பருப்பு, எண்ணெய், பஸ் டிக்கெட் எல்லாம் மனம் தடுமாறி ஏறிக்கொண்டே போக, சொன்ன சொல் மாறாமல் நின்ற ஒரே தொகை அது. அந்தப் பெயருக்குரியவரின் கட்சி போய் வேறு கட்சி வந்தும் மாறவில்லை என்றால் கொள்கைப் பிடிப்புக்கு வேறென்ன சான்று வேண்டும்?

கைவிடப்பட்ட பெண்களுக்கான விதியில் தனி முதிர்ச்சி தெரிகிறது. முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். கணவன் விட்டுப்போய் ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது பிரிந்ததற்குச் சட்டப்படி காகிதம் இருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் கைக்குழந்தையோடு விடப்பட்டவள் அவசரப்படக்கூடாது என்பது கருத்து. ஐந்து வருடத்தில் அவன் மனம் மாறலாம். குழந்தை அதுவரை எதைத் தின்னும் என்ற கேள்வி வருவாய்த் துறை சார்ந்தது அல்ல.

மாற்றுத்திறனாளிகளின் உடற்பயிற்சிக்கும் வழி செய்திருக்கிறார்கள். கடுமையான பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு என்றால் பராமரிப்பு உதவித்தொகை. அதற்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மற்றவர்களுக்கு ஓய்வூதியம், அதற்குத் தாலுகா ஆபீஸ். இரண்டுக்கும் முன்னால் அடையாள அட்டை. அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் அதற்கென்று வைத்த நாள், அதற்கென்று வரும் டாக்டர். கால் ஊனம் என்பதை நிரூபிக்க இத்தனை இடம் நடந்து காட்ட வேண்டும். நடக்க முடிந்துவிட்டால், நடக்கிறாரே என்று சந்தேகப்படவும் வசதி. பொதுக் கட்டிடங்களில் சக்கர நாற்காலி ஏற வழி செய்ய வேண்டும் என்று 2016இல் சட்டம் வந்தது. 2017இல் விதிகள் வந்தன. ஐந்து வருடக் கெடு 2022இல் முடிந்தது. கெடு முடிந்ததே தவிர, பல தாலுகா ஆபீஸ்களில் படிக்கட்டு முடியவில்லை, மேலே போய்க்கொண்டே இருக்கிறது.

இந்த அலுவலகங்களில் நான் கண்டு வியக்கும் ஒழுக்கம் ஒன்று உண்டு. எந்த ஜன்னலில் இருப்பவரும் பக்கத்து ஜன்னலின் விஷயத்தில் தலையிடமாட்டார். “அது வேற செக்ஷன்.” எங்கே அந்த செக்ஷன் என்றால் விரல் ஒரு திசையைக் காட்டும். அந்தத் திசையில் போனால் இன்னொரு விரல். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம், யாரும் கேட்காமலே 17 வகைத் தகவல்களை அரசு தானாக வெளியிட வேண்டும் என்கிறது. மானியம் யாருக்கு, எப்படி என்பதும் அதில் அடக்கம். வெளியிட்டும் இருக்கிறார்கள். பி.டி.எஃப்.பில். பாட்டி தரவிறக்கிப் படிக்க வேண்டியதுதான் பாக்கி.

எல்லோரையும் புகழ்ந்துகொண்டே போனால் நடுநிலைமை இருக்காது. அரசு வழுக்கிவிட்ட இடங்களையும் சொல்லத்தான் வேண்டும். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் என்று தொடங்கி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனார்கள். 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாக டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்தார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பணம் போயிற்று. 2024 தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்களின் வீட்டைத் தேடிப் போய், மறைவு கட்டி, பெட்டி வைத்து, ஓட்டு வாங்கி வந்தார்கள். அப்போது எந்தப் பாட்டியின் விலாசமும் தொலைந்துபோகவில்லை. ரேகை பதியவில்லை என்று யாரையும் ஒதுக்கவும் இல்லை. இப்படிப்பட்ட வரம்பு மீறல்கள் அடிக்கடி நடந்தால் அலுவலகத்தின் மதிப்பு என்ன ஆவது?

நல்லவேளை, முகாம்கள் வந்து மானத்தைக் காப்பாற்றின. 2013இல் அம்மா திட்டம், 2023இல் மக்களுடன் முதல்வர், 2025இல் உங்களுடன் ஸ்டாலின். ஆட்சி எதுவானாலும் பந்தல் ஒன்றுதான். கடைசியாகச் சொன்னதில் நகரங்களில் 13 துறைகளின் 43 சேவைகள், கிராமங்களில் 15 துறைகளின் 46 சேவைகள். ஒரே மண்டபம், மேசைக்கு மேசை துறையின் பெயர் பெரிய எழுத்தில், எழுதிக் கொடுக்க ஆள், உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். ஆட்சியாளர்களால் இவ்வளவு ஒழுங்காகச் செய்ய முடியும் என்பது அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது. சாயங்காலம் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். மறுநாள் அதே அதிகாரிகள் அவரவர் கட்டிடத்துக்குத் திரும்பி, ‘அது வேற செக்ஷன்’ ஆகிவிடுவார்கள். தினமும் பந்தல் போட்டால் அலுத்துவிடும் அல்லவா?

மண்டபத்தைத் தவறவிட்டவர்களுக்குத் திங்கட்கிழமை இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசல் வேப்பமரத்தடியில் மனு எழுதுபவர் உட்கார்ந்திருப்பார். எந்த உதவிக்கு எந்த ஆபீஸ், எந்த நாளில் யார் இருப்பார், எந்தக் காகிதம் இல்லாமலும் நடக்கும், எது இல்லாவிட்டால் நடக்காது எல்லாம் அவருக்கு மனப்பாடம். மாவட்டத்தில் இது முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கு அரசு சம்பளம் கொடுப்பதில்லை, பாட்டிதான் கொடுக்கிறார். டீக்கடை ஓரம் நிற்கும் புரோக்கருக்கும் பாட்டியேதான். ஆதரவற்றவர் என்று அரசு ஏற்றுக்கொள்ளாத ஒருவர் இத்தனை பேரை ஆதரிக்கிறார்.

வாசலில் போலீஸ் பையைச் சோதிப்பார்கள். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பயன் காணாத ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு சிறு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்தார். நால்வருமே இறந்துபோனார்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லிருந்தே இருக்கிறது. அந்தத் தீக்குளிப்பிலிருந்து நிர்வாகம் பாடம் கற்றுக்கொண்டது. இன்று மண்ணெண்ணெய் பாட்டில் எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே போக முடியாது. மனுக்கள் போகலாம்.

கடைசியாக, படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வளவு பாடுபட்டுக் காத்துவரும் ரகசியத்தைத் தயவுசெய்து உடைத்துவிடாதீர்கள். முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனம் உடைந்தவர்களுக்கு 14416, இலவச வக்கீலுக்கு 15100 என்பதைத் தெருவில் யாரிடமும் சொல்லாதீர்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்ட உதவி கேட்க வருமானச் சான்றே தேவையில்லை என்று வாய் தவறியும் உளறாதீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் கூடவே போய், ஜன்னலில் நின்று, தள்ளுபடி செய்த காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டுத் தொலைக்காதீர்கள். எழுத்தில் கேட்டால் அவர்கள் பதில் சொல்லவேண்டி வந்துவிடும்.