அட்டவணையார்

எங்கள் அடுக்ககத்தில் யார் வீட்டு மிக்ஸி புகைந்தாலும் அந்த வாசனை முதலில் எட்டுவது மூன்றாம் மாடிக்குத்தான். அடுத்த பத்து நிமிடத்தில் அழைப்புமணி அடிக்கும். "என்ன சார், காயில் போயிருச்சா?" என்பார். குரல் துக்க வீட்டுக் குரல். முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுக் களை. கக்கத்தில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று. அதைப் பார்த்ததுமே வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட வேண்டும், இன்னும் ஆறு மாதத்துக்குச் சட்னி அம்மியில்தான்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் வாட்ச்மேன் விழிப்பார். அட்டவணையார் என்றால் தண்ணீர் கேன் போடும் பையன்கூட லிஃப்டில் மூன்றை அமுக்கிவிடுவான். மத்திய அரசுத் தணிக்கை அலுவலகத்தில் 34 வருடம் அடுத்தவர் கணக்கில் சிவப்பு மை போட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். மை தீரவில்லை. வாஷிங் மெஷினும் அடுப்பும் மாட்டிக்கொண்டன.

அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. கஞ்சனுக்கு விலை ஒன்று போதும், திரும்பி வந்துவிடுவான். அட்டவணையாரின் நோட்டில் விலை என்பது 19-ஆவது கட்டம். வாங்கியே தீர்வது என்ற உறுதியோடுதான் எதையும் தொடங்குவார். அந்த உறுதி அப்படியே இருக்கும், பொருள்தான் வராது. நட்சத்திரக் குறியீடு மாறப்போகிறது என்பார். போன வருடம் ஐந்து நட்சத்திரம் வாங்கிய மாடலுக்கு, அளவுகோலை இறுக்கினால் அடுத்து நான்குதான் என்பது உண்மைதான். உண்மையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு காலம் தள்ள முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

அடுக்ககத்துக்கு ஒருவர் இப்படி எல்லா ஊரிலும் இருக்கிறார். இளவட்டத்தில் இதே சாதி காதில் ஒயர் மாட்டிக்கொண்டு, விமர்சன வீடியோக்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கும். நியூஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு மன்னார்குடியில் இருக்கும் அம்மாவுக்கு கிரைண்டர் தேர்ந்தெடுக்கும் வகையும் உண்டு. இவர் பழைய மரபு. நேரில் போவார், தொட்டுப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், வாங்கமாட்டார்.

சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டி.டி.எஸ். மீட்டர். எந்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாலும் அதை முதலில் டம்ளருக்குள் விடுவார். "1,140 காட்டுது. போர் தண்ணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார். சில வீடுகளில் கேட்டுவிட்டுக் குடிக்காமலும் வைத்துவிடுவார். அந்த எண்ணை வைத்து யாராவது தண்ணீர் கடினம் என்று சொல்லிவிட்டால் போச்சு. கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது டி.டி.எஸ்.; கடினம் என்பது கால்சியமும் மெக்னீசியமும்; மெஷின் ஹீட்டரில் சுண்ணாம்பாகப் படிவது பின்னதுதான் என்று வாசற்படியில் நின்றபடியே பாடம் நடக்கும். சொல்வதில் ஒரு பிழை இருக்காது. பிழை இல்லாததுதான் பிரச்சினை.

எங்கள் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் ஒரு பங்குனி மாதம் உயிரை விட்டது. டிரையர் பக்கம் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடியதில் குளியலறைக் கதவு வரை நடந்து வந்து நின்றது. நான் செய்த தவறு, படிக்கட்டில் அவரைப் பார்த்தபோது "ஃப்ரன்ட் லோடா, டாப் லோடா சார், எது நல்லது?" என்று கேட்டது. சும்மா கேட்டேன். எப்படி இருக்கீங்க என்று கேட்பது மாதிரி.

ஃப்ரன்ட் லோடு தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும், துணியைப் புரட்டிப் போட்டு அடிப்பதால் நைந்துபோகாது, ஆனால் குனிய வேண்டும், முன்கதவின் ரப்பர் மடிப்பில் அழுக்குத் தங்கும், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் போதாவிட்டால் பாதியில் நின்று கூப்பிடும். டாப் லோடில் மறந்துபோன கைக்குட்டையை நடுவில் எறியலாம், முழங்கால் தப்பிக்கும், ஆனால் தண்ணீர் குடம் குடமாகப் போகும். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாக்கியம் ஆயிற்று. அவருக்குச் சித்திரை முழுவதும் ஆயிற்று. பிறகு சுற்று வேகத்துக்கு வந்தார். நிமிடத்துக்கு 1,200 சுற்றா, 1,400-ஆ? உருளையின் ஆரம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். முதலாவதில் துணியைப் புவியீர்ப்பைப்போல 400 மடங்கு விசை பிழியும். இரண்டாவதில் கிட்டத்தட்ட 550 மடங்கு. "400 போதும்னு சொல்லிரலாம். ஆனா ஜமுக்காளம்னு வந்தா?" என்று என்னைக் கேட்டார். கத்திரி வெயில் நேரம். என் மனைவி கையால் கசக்கி மொட்டைமாடியில் போட்டிருந்த வேட்டி, அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் முறுகிப் போயிருந்தது.

இந்த இடத்தில்தான் அந்த ஜெர்மன் மெஷின் குறுக்கே வந்தது. மீலே என்று பெயர். 1899-இல் பாலிலிருந்து ஆடை பிரிக்கும் இயந்திரம் செய்து தொழில் தொடங்கிய நிறுவனம். இன்னும் அதைத் தொடங்கிய இரண்டு குடும்பங்கள் கையிலேயே இருக்கிறது. 20 வருடம் உழைக்கிற அளவுக்குச் சோதித்துத்தான் மெஷினை வெளியே விடுவார்களாம். இதைச் சொல்லும்போது அட்டவணையாரின் குரல் தழைந்துவிடும். பெருமாள் கோயிலில் திரை விலகும்போது சிலருக்கு வருமே, அந்தக் குரல். விலை, நம் ஊர்க் கடையில் சாதாரண மெஷின் மூன்று வாங்கலாம். அவர் அதற்கு மிரளவில்லை. 20 வருடத்தால் வகுத்தார், வாரத்துக்கு நான்கு தடவை என்று மறுபடி வகுத்தார், ஒரு வேட்டிக்கு எவ்வளவு என்று பைசாவில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு முகம் லேசாக வாடியது. "எனக்கு இப்ப 64. மெஷின் 84 வரைக்கும் இருக்கும்" என்றார். நான் என்ன சொல்வது? "இருப்பீங்க சார்" என்றேன். "நான் இருப்பேன் சார். அதுவரைக்கும் ஸ்பேர் கிடைக்குமா?"

ஆடித் தள்ளுபடிக்கு வாங்க வேண்டாம், தீபாவளிக்கு இறக்குவான் என்றார். தீபாவளிக்கு வாங்க வேண்டாம், பழைய சரக்கைத் தள்ளுவான் என்றார். ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு ஹால் முழுக்கக் கொடி கட்டி, ஈரப் புடவைகளுக்கு நடுவே தலையை விலக்கி விலக்கி டி.வி. பார்த்தோம். கார்த்திகையில் அவர் பேரனைப் பார்க்க பெங்களூரு போன நாளாகப் பார்த்து என் மனைவி கடைக்குப் போனாள். அன்று மாலையே மெஷின் வந்திறங்கியது. கள்ளச்சரக்கு இறக்குகிற மாதிரி அட்டைப்பெட்டியைக்கூட இரவோடு இரவாகப் பழைய பேப்பர்காரரிடம் சேர்த்துவிட்டோம்.

ஒரு வாரம் கழித்துப் படியேறிக்கொண்டிருந்தவர் எங்கள் வாசலில் நின்று காதைச் சாய்த்தார். உள்ளே மெஷின் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. "ஏழு கிலோ டாப் லோடு. இன்வெர்ட்டர் மோட்டார் இல்ல" என்றார். அவ்வளவுதான். கோபமில்லை, ஏசவில்லை. ஆனால் இன்றுவரை மாதத்துக்கொரு முறை அந்த மாடல் என்ன விலைக்கு விற்கிறது என்பதை எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். கடைசித் தகவல்படி நான் 1,850 ரூபாய் ஏமாந்திருக்கிறேன்.

அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு மிக்ஸி, ஒரு கிரைண்டர், ஒரு மின்விசிறி. மூன்றும் 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் அவருடைய மாமியார் வாங்கி, மகளிடம் விட்டுப்போனவை. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் வந்த ஒரே காரணத்தால் அந்த வீட்டுக்குள் நுழைந்தவை. அடுப்பு, அவர் கல்யாணத்துச் சீர். இரண்டு பர்னரில் இடதுபக்கம் எப்போதும் சிம்மில்தான் எரியும். வலதுபக்கத் திருகு உடைந்துபோய், அக்கா குறட்டால் திருப்பிக்கொண்டிருந்தார். அட்டவணையாரின் மனைவியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த அடுப்பை மாற்றும் திட்டம் நாலு வருடமாக நடந்துகொண்டிருந்தது. கேஸா, கரண்டா? ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ, அதிலிருக்கும் வெப்பத்தை யூனிட்டாக மாற்றினால் சுமார் 180, ஐ.எஸ்.ஐ. அடுப்பில் நூற்றுக்கு 68 பங்காவது பாத்திரத்துக்குள் போக வேண்டும். இண்டக்‌ஷனில் 85 பங்கு போகும். ஆக ஒரு சிலிண்டர் என்பது ஏறக்குறைய 140 யூனிட் கரண்ட். இதில் என்ன சந்தேகம், 100 யூனிட் இலவசம் இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் அவருக்கு முள். இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் வீதம் ஏறிக்கொள்ளும். விடியற்காலையில் டார்ச் அடித்து மீட்டர் பெட்டியைப் பார்க்கும் உருவத்தைத் திருடன் என்று நினைத்து ஒருமுறை வாட்ச்மேன் விசில் ஊதியிருக்கிறார்.

பிறகு ஒரு காந்தத்தோடு சமையலறைக்குள் போனார். காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் இண்டக்‌ஷனில் சூடேறும். ஈயச்சொம்பு ஒட்டவில்லை. வெண்கலப்பானை, அலுமினியச் சட்டி ஒட்டவில்லை. எவர்சில்வரில் சில ஒட்டின, சில நழுவின. 31 பாத்திரத்தில் ஒன்பதுதான் தேறின. தோசைக்கல்லில் மட்டும் காந்தம் பாய்ந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுக்க வந்த அக்கா சொன்னார்: "என்னங்க, கேஸ் வாங்குங்க, கரண்ட் வாங்குங்க. இல்லாட்டி ஒரு கட்டு விறகாச்சும் வாங்கிப் போடுங்க."

அக்காவுக்கென்று கரண்ட் அடுப்பு மேல் ஒரு ஆசை இருந்தது எனக்குத் தெரியும். தீ அலையாது, தலைக்கு மேல் ஃபேனைப் போட்டுக்கொண்டு சமைக்கலாம். மே மாதத்தில் சென்னைச் சமையற்கட்டில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் 2016-இல் வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. அந்தப் பழைய கேஸ் அடுப்பில்தான் மூன்று மாடிக்கும் கஞ்சி வெந்தது. அக்கா அதை மறக்கவில்லை.

கடைசியில் கேஸ் அடுப்பே பார்க்கலாம் என்று கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சாட்சிக்கு. உள்ளே வரிசையாக நிற்கும் பையன்கள் கடைக்காரர்கள் என்று நாம் நினைத்துக்கொள்வோம். பல பேர் அந்தந்தக் கம்பெனி அனுப்பி வைத்தவர்கள், சட்டையைப் பார்த்தால் தெரியும். அட்டவணையாரைப் பார்த்ததும் ஒருவன் மெல்ல ஃபிரிட்ஜ் பக்கம் நகர்ந்தான். புதிதாகச் சேர்ந்த பையன் மட்டும் தெரியாமல் முன்னால் வந்து நின்றான். பித்தளை பர்னரா, அலாய்தானா, மேலே இருக்கும் கண்ணாடி வெடித்தால் யார் பொறுப்பு, உத்தரவாத அட்டையில் கண்ணாடி என்ற வார்த்தை எந்த வரியில் இருக்கிறது என்று நோட்டு விரிந்தது.

அக்கா கையில் ஒரு கட்டைப்பை. காய்கறி வாங்கப் போகிறாரோ என்று நினைத்தேன். அதிலிருந்து இட்லிப்பானையை எடுத்தார். பிறகு தோசைக்கல். வரிசையில் முதலில் இருந்த நாலு பர்னர் அடுப்பில் பானையை வைத்தார், பக்கத்தில் கல்லை வைத்தார். இரண்டும் இடித்துக்கொண்டன. எடுத்து அடுத்ததில் வைத்தார். கல்லின் காது பானையில் முட்டியது. மூன்று பர்னர் ஒன்றில் வைத்தார். நடு பர்னரைக் குழந்தைக்குப் பால் காய்ச்சக்கூட விடாமல் இரண்டும் மூடிக்கொண்டன. ஆறாவதாக ஓரத்தில் கிடந்த, அகலமான இரண்டு பர்னர் அடுப்பில் வைத்தார். நடுவே நாலு விரல் விட்டுப் பார்த்தார். போயிற்று. "தம்பி, இதுக்குப் பில் போடு" என்றார். மொத்தம் ஏழெட்டு நிமிடம். அட்டவணையார் அப்போது இரண்டாவது மாடலின் உத்தரவாத அட்டையில் ஒன்பதாவது வரியில் இருந்தார்.

ஆட்டோவில் அவர் பேசவே இல்லை. அடுப்பு அட்டைப்பெட்டி மடியில், அதன்மேல் நோட்டு. எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. நாலு வருடம், 22 கட்டம்; கடைசியில் ஒரு பானையும் கல்லும்.

இரவு பத்தரைக்கு என் செல்போன் அடித்தது. மூன்றாம் மாடி. யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று பதறி எடுத்தேன்.

"சார், தூங்கிட்டீங்களா? 23-ஆவது கட்டம் ஒண்ணு போட்டிருக்கேன். உங்க வீட்டு இட்லிப்பானை குறுக்களவு என்ன, கொஞ்சம் டேப் வச்சுப் பார்த்துச் சொல்றீங்களா? காதோட சேர்த்து."