பத்தாவது பொருள் உள்ளேயா, வெளியேயா?

பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டுகளின் விரைவுக் கவுண்டரில் '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகை தொங்கும். இலக்கணக் காவலர்களுக்கு அடிவயிறு கலங்கும். கலங்காதா பின்னே? எண்ண முடிந்ததற்கு 'ஃபியூவர்', முடியாததற்கு 'லெஸ்'. பாலுக்கு லெஸ், பால் பாட்டிலுக்கு ஃபியூவர். இது தெரியாதவர் கையில் கூடையைக் கொடுத்ததே தப்பு.

2008-ல் டெஸ்கோ என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஒரு வழி கண்டது. லெஸ்ஸும் வேண்டாம், ஃபியூவரும் வேண்டாம், 'அப் டு 10 ஐட்டம்ஸ்'! என்ன ராஜதந்திரம்! பத்தாவது பொருள் உள்ளேயா, வெளியேயா என்று தகராறு செய்பவர்களுக்குத் தனிக் கவுண்டர் திறந்தால் போதும்.

இத்தனை புனிதமான விதியின் மூலம் எது? 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர், ஓரிடத்தில் லெஸ்ஸைவிட ஃபியூவர் நயமாக இருப்பதாகத் தமக்குத் தோன்றுகிறது என்று எழுதினார். தோன்றியது, அவ்வளவுதான். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலோ-சாக்சன் மன்னர் ஆல்ஃபிரட் எண்ணக்கூடியவற்றுக்கும் லெஸ் போட்டிருக்கிறார்.

மன்னரானால் என்ன? அவருக்கு விரைவுக் கவுண்டர் கிடையாது. நீள வரிசைக்குப் போகட்டும்.