ஆரஞ்சுக்குள் ஒளிந்தவர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் கடைசியில் 9 நாள் துப்பாக்கி மான் வேட்டை. கிராமத்து வேட்டைக்காரரிடம் அப்போது பேச்சுக் கொடுத்தால் பொழுது போவதே தெரியாது.

தோட்டா என்றால் அவருக்கு 1906-இல் வந்த ‘தர்ட்டி ஆட் சிக்ஸ்’ ஒன்றுதான். 2007-இல் வந்த ‘6.5 கிரீட்மோர்’ பொடியன்கள் சமாச்சாரம். இந்த விவாதத்தில் மானின் கருத்தை யாரும் கேட்டதில்லை.

அடுத்து உடுப்பு. சட்டை, கால்சட்டை, குல்லாய், காபி பிளாஸ்க் வரை இலையும் சருகும் அச்சடித்திருக்கும். ஆனால், சக வேட்டைக்காரர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதே! அதனால் இடுப்புக்கு மேலே பாதியாவது பளீர் ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2016 முதல் பளீர் பிங்க்கும் செல்லும். ஆக, காசு கொட்டி வாங்கிய காடு, ஆரஞ்சு மேலங்கிக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது.

மனித வாடை மானுக்கு எட்டாமலிருக்க வாசனையற்ற சோப்பில் குளிக்கிறார். குளித்த கையோடு பெட்ரோல் புகை கக்கும் நாலு சக்கரக் காட்டு வண்டியில் ஏறுகிறார். வண்டியின் முன்னால் மின்சார வின்ச். எதற்கு? நடந்து போனால் சிக்கவே சிக்காத சேற்றில் வண்டி சிக்கினால் இழுத்து மீட்க!

இவ்வளவும் எதற்கு என்று மனைவி கேட்டால் பதில் தயார்: “கறிச் செலவு மிச்சம்.”

நம்புங்கள். வண்டிக்கடன் தவணையை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.