காரேஜ் ஸ்டேஷன் மாஸ்டர்

இங்கிலாந்தில் ஒரு வீட்டின் கார் வருஷம் முழுக்க வாசலில் மழையில் நனைகிறது என்றால், காரேஜுக்குள் சின்ன ரயில் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். ஓடுகிறது என்பதுகூடச் சற்று அதிகம். ஓடப்போகிறது. புல் ஒட்டுகிற வேலை மட்டும் பாக்கி.

ஆசாமிக்கு அறுபது தாண்டியிருக்கும். நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடி, விரல்நுனியில் காய்ந்த பசை. அவருடைய காரேஜில் என்றைக்கும் 1957 ஜூன் மாதம், வெயில் சாய்ந்த பிற்பகல். 1963இல் டாக்டர் பீச்சிங் என்பவர் ஓர் அறிக்கை கொடுத்தார். ஆள் ஏறாத கிளைப் பாதைகளையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களையும் மூடச் சொன்னது அது. நம்மவர் அந்த அறிக்கையை இன்றுவரை ஏற்கவில்லை. மூடிய பாதையைக் காரேஜில் திறந்துவிட்டார். இங்கேயும் ஆள் ஏறுவதில்லை என்பது வேறு விஷயம். பிளாட்பாரத்தில் பசை போட்டு நிறுத்திய நாலு பேர், ஆளுக்கு இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், வராத வண்டிக்குக் காத்திருக்கிறார்கள்.

அளவு விஷயத்தில் இவர் கறார். பிரிட்டனில் பலரும் வைத்திருக்கும் சின்ன ரயில் நிஜ ரயிலில் 76இல் ஒரு பங்கு. ஆனால் அதற்குப் போடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், அது ஐரோப்பாக்காரர்களின் 87இல் ஒரு பங்கு வண்டிக்கான அளவு. பிரிட்டிஷ் என்ஜின்கள் உருவத்தில் சிறியவை; அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே உடம்பை மட்டும் பெருக்கிவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். நியாயமாக 18.83 இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் தனியே பிரிந்து, கையாலேயே தண்டவாளம் கட்டுகிறது. நடுவில் 18.2 என்று இன்னொரு கூட்டம். வடகலை, தென்கலை வழக்கு இரண்டரை மில்லிமீட்டருக்குள் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பார்க்கிறவர் தூர விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். இந்தக் கணக்கில் ஒரு மைல் என்பது சுமார் 21 மீட்டர். காரேஜின் நீளமே ஐந்தாறு மீட்டர்தான். ஆக, ஸ்டேஷனைவிட்டுக் கிளம்பிய வண்டி கால் மைல் போவதற்குள் ஒரு பாலத்தடியில் நுழைந்து, வானம் வரைந்த பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும். மறைந்த இடம்தான் லண்டன். அங்கே அவர் கையால் தூக்கி என்ஜினைத் திருப்பிவைத்தால், அதே வண்டி லண்டனிலிருந்து வருகிறது.

ஜல்லி போடும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். பொடிக் கல்லைக் கரண்டியால் கொட்டி, ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே பிரஷ்ஷால் தள்ளுவார். மேலே ஏறிய ஒவ்வொரு மணியையும் ஊசியால் கீழே இறக்குவார். பிறகு தண்ணீர் தெளிப்பு. அதில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு, இல்லாவிட்டால் பசை கல்லுக்குள் இறங்காமல் உருண்டு நிற்கும். அப்புறம் நீர்த்த வெள்ளைப் பசை, சொட்டுச் சொட்டாக. இரவெல்லாம் காய வேண்டும். காலையில் வந்து பார்த்தால் ஜல்லியோடு, தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த ஒரு வாரம் அதைப் பிரிப்பதில் போகும்.

பளபளவென்று புது என்ஜின் வாங்குவார். வாங்கிய வாரமே அதன்மேல் கரி, துரு, எண்ணெய்க் கறை எல்லாம் தீட்டிப் பழசாக்குவார். மனைவி அதை ஒரு தடவை துணியால் துடைத்துவைத்தார். அந்த வீட்டில் இன்றும் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தக் கிறுக்கு ஏழை, பணக்காரன் பார்ப்பதில்லை. தாமஸ் என்ஜின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியே தம் கதை ஊரைச் சின்ன ரயிலாகக் கட்டிக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோனவர். பாடகர் ராட் ஸ்டூவர்ட் 1940களின் அமெரிக்க நகரம் ஒன்றை இருபது வருஷத்துக்குமேல் கட்டினார். கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் ஓட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, கட்டடங்களை ஒட்டிக்கொண்டிருப்பாராம். 2019இல் அது பத்திரிகையில் வெளியானபோது, வேறு யாரோ கட்டியிருப்பார்கள் என்பதுபோல ரேடியோவில் ஒரு பேச்சு எழுந்தது. உடனே போன் போட்டு மறுத்தார். பாட்டைப் பற்றி எத்தனையோ பேர் என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். இதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

கண்காட்சி நாளில் நம் காரேஜ்காரரைச் சோதிக்க ஒரு சிறுவன் வருவான். பெட்டிகளை இணைக்கும் மூன்று வளையச் சங்கிலியை வளைந்த கம்பியால் கொக்கியில் மாட்ட, வாயில் டார்ச்சைக் கவ்வியபடி இவர் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். காப்பி குடித்திருந்தால் கை நடுங்கும் என்று காலையிலிருந்து பட்டினி. சரியாக அப்போது, “ரயில் எப்ப தாத்தா ஓடும்?” என்பான் பையன். கூடவே இன்னொரு பெரியவர் எட்டிப் பார்த்து, அந்த வருஷத்தில் அந்த என்ஜினுக்குப் புகைபோக்கி வேறு மாதிரி என்பார். சிறுவனை இவர் மன்னித்துவிடுவார்.

ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் இந்தக் கிறுக்குக்கென்றே பென்டன் மியூசியம் இருக்கிறது. 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட் என்பவர், அந்த வட்டாரத்துக் கூரை வீடுகள் அழிந்துகொண்டிருப்பதைக் கண்டு, சின்ன அளவில் செய்துவைக்க ஆரம்பித்தார். தோட்டத்துப் பூச்செடிவரை எல்லாம் கைவேலை. அவர் காலமாகிப் பல வருஷமாகிவிட்டது. தொண்டர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். அந்தப் பக்கம் போனால் பாருங்கள். எப்போது முடியும் என்று மட்டும் யாரையும் கேட்டுவைக்காதீர்கள்.